புதிய கல்வியாண்டுக்கு இலக்கு வைப்பது: ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

குறுவள மையக் கூட்டங்களின் (பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் சேரும் கூட்டங்கள்) தேநீர் இடைவேளையிலும், அதற்குப் பிறகு வாட்ஸ்அப் குரல் பதிவுகளிலும் ஒவ்வொரு ஜூனிலும் வரும் கேள்விகள் இவை. கேட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் 1 முதல் 10 வரை வகுப்பெடுப்பவர்கள். பதிலும் அவர்களை மனதில் வைத்தே எழுதியது. கேள்விகளைக் கேட்டவர் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம்.

என்ன நடத்தணும்னு புத்தகத்துலயே இருக்கு. தனியா இலக்குன்னு ஒண்ணு எதுக்கு?

நீங்கள் என்ன நடத்த வேண்டும் என்பதைத்தான் புத்தகம் சொல்கிறது. நடத்தி முடித்த பிறகு பிள்ளைக்கு என்ன வர வேண்டும், எத்தனை பிள்ளைக்கு வர வேண்டும் என்று அதில் இல்லை. "மூன்றாம் இயல் முடிந்தது" என்பது உங்கள் வேலைக்கணக்கு. "32 பேரில் 26 பேர் மூன்றிலக்க எண்களை உதவியில்லாமல் கழிக்கிறார்கள்" என்பது இலக்கு.

வருடம் ஒழுங்காக ஓடினால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நடுவில் இரண்டு வாரம் போய்விட்டால்தான் தெரியும். புத்தகம் மட்டும் கையில் இருப்பவர் மீதியை வேகமாக ஓட்டுவார். இலக்கு வைத்திருப்பவருக்கு எதை விட்டுவிட்டு எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

எத்தனை இலக்கு வைக்கலாம்? எங்க எச்.எம். பதினஞ்சு எழுதச் சொல்றாங்க.

மூன்று போதும். கற்றலுக்கு இரண்டு, வகுப்பு நடைமுறைக்கு ஒன்று. மூன்றாவது சின்னதாக இருக்கலாம்: வீட்டுப்பாட நோட்டு தினமும் வருவது, காலையில் மணி அடித்த ஐந்து நிமிடத்தில் வேலை தொடங்குவது, இப்படி.

ஒவ்வொன்றும் ஒரே வாக்கியம். அதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: யார், என்ன செய்வார்கள், எப்போதைக்குள், எதை வைத்துப் பார்ப்பீர்கள். உதாரணம்: "ஆறாம் வகுப்பு 32 பேரில் 26 பேர், காலாண்டு விடுமுறைக்கு முன், நடுவில் பூஜ்ஜியம் வரும் மூன்றிலக்கக் கழித்தலில் பத்துக்கு எட்டு சரியாகப் போடுவார்கள்." "கணிதத் திறனை மேம்படுத்துதல்" என்று எழுதினால் எதை வைத்து எட்டியது என்பீர்கள்? ஏப்ரலில் அது எட்டியதாகவும் சொல்லலாம், எட்டவில்லை என்றும் சொல்லலாம்.

எச்.எம். கேட்கும் பதினைந்து பெரும்பாலும் பள்ளிக்கான ஆண்டுத் திட்டம். அதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். இந்த மூன்றும் உங்கள் மேசைக்கு.

ஜூன் முதல் வாரமே எழுதிடணுமா?

வேண்டாம். முதல் வாரத்தில் வகுப்பில் இருப்பவர்களில் சிலர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போவார்கள், வேறு சிலர் ஜூலையில் வந்து சேர்வார்கள். எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்ற பணியாளர் நிர்ணயமே ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் நடக்கிறது. முதல் வாரம் பெயர், இருக்கை, பழக்கம். இரண்டாவது வாரம் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பது. மூன்றாவது வாரம் இலக்கைப் பென்சிலில் எழுதுவது. ஜூலைக் கடைசியில் பேனா.

எங்கே நிக்கிறாங்கன்னு பார்க்க தனித் தேர்வு எதுக்கு? போன வருஷ மார்க் இருக்கே.

மார்க் எத்தனை தப்பு என்று சொல்லும், என்ன தப்பு என்று சொல்லாது. 503இல் இருந்து 278ஐக் கழிக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை 375 என்று எழுதும். இன்னொன்று 235 என்று எழுதும். இரண்டுக்கும் மார்க் பூஜ்ஜியம்தான். ஆனால் 375 எழுதிய பிள்ளை மூன்றில் எட்டு போகாது என்றதும் எட்டில் மூன்றைக் கழித்திருக்கிறது. எங்கெல்லாம் சிறியது மேலே இருந்ததோ அங்கெல்லாம் தலைகீழாக்கியிருக்கிறது. அதற்குக் கடன் வாங்குவது என்றால் என்னவென்றே தெரியாது. 235 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவில் இருக்கும் பூஜ்ஜியத்தைப் பத்தாக்கியது, அதிலிருந்து ஒன்று ஒன்றின் இடத்துக்குப் போய்விட்டதை மறந்துவிட்டது.

முதல் பிள்ளைக்குக் குச்சியும் ரப்பர் பேண்டும் வைத்துப் பத்துப் பத்தாகக் கட்டி அவிழ்க்க எட்டு, பத்துப் பாடவேளை வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு இரண்டே பாடவேளை: 503 என்பதை "50 பத்து, 3 ஒன்று" என்று படிக்கச் சொன்னால் போதும். 50 பத்தில் ஒன்றைக் கொடுத்தால் 49 பத்து, 13 ஒன்று. 13இல் 8 போனால் 5, 49இல் 27 போனால் 22. விடை 225. உங்கள் வகுப்பில் 375 எத்தனை பேர், 235 எத்தனை பேர் என்பதைப் பொறுத்துத்தான் இலக்கின் தேதியே அமையும்.

செய்முறை சுலபம். கணக்குக்கு இரண்டு வகுப்பு கீழே இருந்து பத்துக் கணக்கு, ஒரு பாடவேளை. வாசிப்புக்கு முந்தைய வகுப்புப் புத்தகத்தில் நாற்பது, ஐம்பது சொல் உள்ள ஒரு பத்தி, ஒவ்வொரு பிள்ளையாக, தலைக்கு இரண்டு நிமிடம். 32 பேருக்கு 64 நிமிடம். ஒரே நாளில் செய்தால் மீதி வகுப்பு கலைந்துவிடும். நாளுக்கு எட்டுப் பேர், நான்கு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். படிக்கும் பிள்ளையை வராந்தாவில் உட்கார வையுங்கள். முப்பது பேர் காதில் விழும்படி தடுமாறச் சொன்னால் வரும் எழுத்தும் வராது.

எண்ணும் எழுத்தும், திறன் எல்லாத்துக்கும் ஏற்கெனவே அடிப்படை மதிப்பீடு எடுத்தாச்சு. மறுபடியுமா?

மறுபடி எடுக்க வேண்டாம். தொடக்க வகுப்பில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பதையும், மேல் வகுப்புகளில் திறன் திட்டத்தின் மதிப்பீட்டில் வந்ததையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கூடுதலாகச் செய்யுங்கள். மதிப்பீட்டைப் பதியும் செயலி நிலையைத்தான் காட்டும், தப்பின் வகையைக் காட்டாது. கீழ்நிலையில் இருக்கும் பிள்ளைகளின் விடைத்தாளை மட்டும் எடுத்து, முந்தைய பதிலில் சொன்ன மாதிரி என்ன தப்பு என்று நோட்டில் ஒரு சொல்லில் குறியுங்கள். பத்துப் பேர் என்றால் அரை மணி நேரம் ஆகும்.

வாசிப்புக்கு "நிமிஷத்துக்கு இத்தனை சொல்"னு இலக்கு வைக்கலாமா? பயிற்சியில அப்படித்தான் சொன்னாங்க.

வைக்கலாம், ஆனால் வேறு மொழிக்குப் போட்ட எண்ணை அப்படியே கொண்டுவந்து ஒட்டாதீர்கள். "வந்துகொண்டிருந்தார்கள்" என்பது நமக்கு ஒரு சொல், பன்னிரண்டு எழுத்து. ஆங்கிலத்தில் அதே விஷயம் மூன்று, நான்கு சின்னச் சொற்களாக இருக்கும். சொல்லை எண்ணினால் தமிழ்ப் பிள்ளை எப்போதும் மெதுவாகப் படிப்பது போலத்தான் தெரியும்.

தப்பு எங்கே என்று பார்ப்பது அதிகம் பலன் தரும். நம் பிள்ளைகள் தடுக்கும் இடங்கள் கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் ஒன்றுதான்: ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் (பெரியவர், பேரியவர் ஆகிறார்), கொம்பு எழுத்துக்கு முன்னால் எழுதப்பட்டுப் பின்னால் ஒலிப்பது, ஒற்றை விழுங்குவது ("மரக்கிளை" மரகிளை ஆவது), நீண்ட வினைமுற்றின் வாலை ஊகித்துச் சொல்வது. இலக்கை இப்படி எழுதலாம்: "50 சொல் பத்தியை மூன்று தப்புக்கு மேல் இல்லாமல் படித்து, இரண்டு கேள்விக்குச் சொந்த வார்த்தையில் பதில் சொல்வார்கள்." வேகம் தானாக வரும். வேகத்தை இலக்காக வைத்த வகுப்பில் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஓட்டிவிட்டு, என்ன படித்தாய் என்றால் முழிப்பதைப் பார்க்கலாம்.

நாட்காட்டில 210 நாள் இருக்கு. அதை வெச்சுத்தானே கணக்குப் போடணும்?

210 என்பது பள்ளி நடக்கும் நாள். உங்கள் பாடம் நடக்கும் நாள் அதைவிடக் குறைவு. ஒரு நடுநிலைப் பள்ளி கணக்கு ஆசிரியருக்குக் கழித்துப் பாருங்கள். மூன்று பருவத் தேர்வும் தாள் கொடுத்துப் பேசுவதும் 21 நாள். விளையாட்டு விழா, கலைத் திருவிழா, ஆண்டு விழா, அவற்றுக்கான ஒத்திகை 8. பயிற்சியும் குறுவள மையமும் 6. உங்கள் சொந்த விடுப்பு 8. மழை 6. தேர்தல், கணக்கெடுப்பு போன்ற பணி 6. மொத்தம் 55. மிஞ்சுவது 155 நாள், அதாவது 31 வாரம். வாரத்துக்கு ஆறு பாடவேளை என்றால் 186. காகிதத்தில் 42 வாரத்துக்கு 252 இருந்தது.

அந்த 186ஐயும் முழுதாக நிரப்பாதீர்கள். இலக்குக்கும் பாடத்துக்கும் சேர்த்து 150 என்று வைத்து, 36ஐ ஒதுக்கி வையுங்கள். புரியாததை மறுபடி நடத்தவும், வராமல் இருந்தவர்களை இழுத்துக்கொண்டு வரவும் அந்த 36தான் உதவும். உங்கள் பள்ளிக்கு இந்த எண்கள் மாறும். கழிக்கும் முறை மாறாது. இதை ஜூனிலேயே, தனியாக உட்கார்ந்து, போன வருட வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். நினைவிலிருந்து போட்டால் எல்லோரும் 20 நாளாவது கூடுதலாக எழுதுகிறார்கள்.

எப்ப மழை வரும், எப்ப டியூட்டி வரும்னே தெரியாதே. தெரியாததுக்கு எப்படித் திட்டம் போடறது?

தேதி தெரியாதே தவிர, பருவம் தெரியும். 2023இல் வெயிலால் திறப்பு ஜூன் 7இல் இருந்து தள்ளி, 6 முதல் 12 வரை ஜூன் 12, 1 முதல் 5 வரை ஜூன் 14 என்று ஆனது. அதே வருடம் டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னையும் சுற்று மாவட்டங்களும் மூழ்க, அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. இரண்டு வாரம் கழித்துத் தூத்துக்குடி, திருநெல்வேலி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், விழுப்புரமும் கடலூரும் திருவண்ணாமலையும். ஆக, அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை கடினமான புதுப் பாடத்தை நம்பி வைக்கக் கூடாது. கடலோர மாவட்டம் என்றால் கண்டிப்பாகக் கூடாது. கற்றல் இலக்கில் ஒன்றாவது காலாண்டுக்குள் முடிவதாக இருக்கட்டும்.

பணி விஷயமும் ஓரளவு தெரிந்ததே. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு ஆசிரியரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கும் அழைக்க இடம் கொடுக்கிறது. அடுத்த கணக்கெடுப்பின் ஆள் எண்ணும் கட்டம் 2027 பிப்ரவரி என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. இப்போதுள்ள ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் மூன்றாம் பருவத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: பின்னங்கள், முழுக்கள், சுற்றளவும் பரப்பளவும், சமச்சீர்த் தன்மை, தகவல் செயலாக்கம். வருடத்தின் கனமான இரண்டு பாடம் சரியாக அந்த மாதங்களில் வந்து விழுகிறது.

அதனால் இலக்கு எழுதும் அன்றே வெட்டுப் பட்டியல் ஒன்றும் எழுதுங்கள். நாள் போதாவிட்டால் முதலில் எதை விடுவது, அடுத்தது எது, எதைத் தொடவே கூடாது. ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவத்துக்கு: முதலில் சுருங்குவது தகவல் செயலாக்கம், அது ஒவ்வொரு பருவத்திலும் திரும்ப வருகிறது. அடுத்தது சமச்சீர்த் தன்மை, காகிதம் மடித்து வெட்டும் வேலையாக வீட்டுக்குக் கொடுக்கலாம். பின்னமும் முழுக்களும் தொடக் கூடாதவை, ஏழாம் வகுப்பு அவற்றின் மேல்தான் தொடங்குகிறது. ஜூனில் நிதானமாக எழுதிய பட்டியல் இல்லாதவர் பிப்ரவரியில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து வெட்டுவார். கடைசியில் இருப்பதெல்லாம் முக்கியமில்லாதது அல்ல.

திடீர்னு பத்து நாள் பள்ளியை மூடிட்டா? ஆன்லைன்ல நடத்தணுமா?

2020 மார்ச்சில் மூடியபோது 1 முதல் 8 வகுப்புப் பிள்ளைகள் திரும்ப வர 2021 நவம்பர் 1 ஆனது, ஏறத்தாழ 19 மாதம். அந்தக் காலம் காட்டியதில் இன்றும் உதவுவது இரண்டு. வீட்டில் ஒரு போன்தான் இருக்கும், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். புதுக் கருத்து எதுவும் போன் வழியாகச் சின்னப் பிள்ளைகளுக்கு ஏறாது.

பத்து நாளுக்கு வேண்டியது நான்கு தாள். ஏற்கெனவே நடத்தியதற்கான பயிற்சி மட்டும், பெரியவர் உதவி இல்லாமல் செய்யக்கூடியது. ஜூலையிலேயே நகல் எடுத்துப் பீரோவில் வைத்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வரும் மாலையில் மின்சாரமும் இருக்காது, ஜெராக்ஸ் கடையும் இருக்காது. மூடியிருக்கும்போது இரவு ஏழு மணிக்கு மேல் ஒரு குரல் பதிவு, இரண்டு நிமிடத்துக்குள். "மூன்றாவது தாளில் ஐந்தாவது கணக்கு வரை போடுங்க" என்ற அளவில் போதும். திறந்த முதல் நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். கடைசியாக நடத்தியது எத்தனை பேருக்கு நிற்கிறது என்று இரண்டு பாடவேளை பாருங்கள். வெள்ளம் வந்த ஊர் என்றால் அதற்கும் முன்னால் யாருடைய புத்தகமும் நோட்டும் நனைந்து போயிற்று என்று ஒரு பட்டியல்.

எங்களது ஈராசிரியர் பள்ளி. நான் மூணு வகுப்பை ஒண்ணா வெச்சிருக்கேன். மூணுக்கும் மூணு மூணு இலக்கா?

ஒன்பது இலக்கு யாராலும் முடியாது. வகுப்பை மறந்து நிலையை வைத்து எழுதுங்கள். மூன்று வகுப்புக்கும் சேர்த்து வாசிப்பில் ஒரே இலக்கு: "ஒவ்வொரு பிள்ளையும் டிசம்பருக்குள் இப்போது இருக்கும் நிலையிலிருந்து ஒரு நிலை ஏறும்." மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே குழுவில் உட்கார்ந்தால் பரவாயில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கூச்சப்பட்டால் குழுவுக்குப் பலகையில் எழுதும் வேலையை அதற்குக் கொடுங்கள்.

ஈராசிரியர் பள்ளியில் பெரிய ஆபத்து, ஒருவர் விடுப்பு எடுத்தால் இரண்டு பேர் வேலையும் நிற்பது. ஆகவே இலக்குக்கான தினசரி வேலை இருபது நிமிடத்துக்குள், நீங்கள் இல்லாமலும் ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும். வாசிப்பு அட்டைகள் நிலை வாரியாக மூன்று பையில், பை எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் தெரிந்து.

பாதில மாற்றுப்பணியோ பணிநிரவலோ வந்துட்டா என் இலக்கு என்ன ஆகும்?

வேறு பள்ளிக்கு மாறும்போது, இலக்கு எழுதிய நோட்டு உங்களோடு போனால் இலக்கும் போய்விடும். நோட்டு பள்ளியிலேயே இருக்கட்டும். போகும் நாளில் அதன் கடைசிப் பக்கத்தில் அரைப் பக்கம் எழுதுங்கள்: மூன்று இலக்கு, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் எட்டியாயிற்று, எட்டாதவர் பெயர், அவர்களிடம் என்ன முயன்று பார்த்தீர்கள், எது எடுபடவில்லை. கடைசி இரண்டும்தான் வருபவருக்கு வேண்டும். முதல் மூன்றை அவரே பத்து நாளில் கண்டுபிடித்துவிடுவார்.

டெட் தீர்ப்பு வந்ததிலிருந்து மனசே வகுப்புல இல்லை. நான் படிக்கிறதா, பாடம் நடத்துறதா?

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது, 1 முதல் 8 வரை கற்பிக்கும் பணியில் இருப்பவர்களுக்கு: ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேற வேண்டும். ஐந்துக்குக் குறைவாக இருந்தால் தேர்வு இல்லாமலே பணியில் தொடரலாம், பதவி உயர்வு வேண்டுமென்றால் தேற வேண்டும். சீராய்வு மனு, சட்டத் திருத்தம், சிறப்புத் தேர்வு என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சை வைத்து உங்கள் நாளைத் திட்டமிடாதீர்கள். தேர்வு உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது இலக்கு, வகுப்பு நடைமுறைக்கு என்று சொன்னோமே, இந்த ஆண்டு அதைக் கைவிட்டு இதை வைத்துக்கொள்ளலாம். முதல் தாள் 150 மதிப்பெண்: குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல், தலா 30. இரண்டாம் தாளில் முதல் மூன்றும் 30, மீதி 60 கணிதமும் அறிவியலும், அல்லது சமூக அறிவியல். பள்ளிப் புத்தகத்தைப் பாடக்குறிப்புக்காகத் திறக்கும்போதே, அந்தப் பாடத்திலிருந்து ஐந்து ஒரு மதிப்பெண் கேள்வி எழுதுங்கள். வகுப்புக்கும் ஆகும், உங்களுக்கும் ஆகும். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியது குழந்தை வளர்ச்சிக்கும், உங்களுக்குப் பழக்கம் விட்டுப்போன பாடத்துக்கும்தான். தமிழாசிரியருக்கு அது பெரும்பாலும் ஆங்கிலம், கணக்கு ஆசிரியருக்குத் தமிழ் இலக்கணம். காலையில் முக்கால் மணி நேரம் என்று வையுங்கள். இரவில் வைத்தவர்கள் ஆகஸ்ட் தாண்டுவதில்லை.

பத்தாம் வகுப்பு எடுக்கிறேன். மேல நூறு சதவீதம் கேக்கறாங்க. நடக்காதுன்னு எனக்கே தெரியும். என்ன எழுதறது?

மேலே கேட்கும் இடத்தில் நூறு என்றே எழுதுங்கள், அதில் சண்டை வேண்டாம். உங்கள் நோட்டில் வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள்: எப்படியும் தேறுபவர்கள், 25க்கும் 45க்கும் இடையில் ஆடுபவர்கள், அதற்கும் கீழே. இலக்கு நடுக் குழுவுக்கும் கீழ்க் குழுவுக்கும் பெயர் வாரியாக இருக்க வேண்டும்.

கணக்குத் தாளை எடுத்துக்கொள்வோம். ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் பத்து, ஐந்து மதிப்பெண் பத்து, எட்டு மதிப்பெண் இரண்டு. அந்த எட்டு மதிப்பெண் இரண்டும் வடிவியலும் வரைபடமும். வினாவின் அச்சு தெரிந்ததால் கீழ்க் குழுவுக்கும் கைகூடும். அதில் 12, புத்தகப் பயிற்சியின் ஒரு மதிப்பெண்ணில் 9, இரண்டு மதிப்பெண்ணில் ஐந்து கேள்வி 10, ஐந்து மதிப்பெண்ணில் படிகளுக்காக 6. மொத்தம் 37. "தேற வைப்பேன்" என்பதற்குப் பதிலாக "நவம்பருக்குள் இந்த ஒன்பது பேரும் வடிவியல் வரைபடத்தை அளவு பிசகாமல் 15 நிமிடத்தில் போடுவார்கள்" என்று எழுத முடிகிறது அல்லவா. பென்சில் கூர்மையாக இல்லாததாலும் காம்பஸ் திருகு தளர்ந்திருப்பதாலும் போகும் மதிப்பெண் நிஜமாகவே அதிகம். திருகை ஜூலையில் பாருங்கள். அறிவியலில் செய்முறை 25க்கு 15, எழுத்து 75க்கு 20 என்ற இரட்டை வாசல் உண்டு. செய்முறையில் நிறைய வாங்கிவிட்டு எழுத்தில் 20 எட்டாதவர்களைத் தனியாகப் பாருங்கள்.

நான்காவதாக ஒரு குழு உண்டு, அதைப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை: தேர்வுக்கே வராதவர்கள். 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு மட்டும் சுமார் 50,000 பேர் வரவில்லை. விகிதம் காப்பாற்ற, தேறாது என்று தெரிந்த பிள்ளையை டிசம்பரில் மெல்ல வெளியே தள்ளும் பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அது இலக்கு அல்ல, கணக்கைத் திருத்துவது. "பெயர்ப் பட்டியலில் இருக்கும் அனைவரும் தேர்வு அறையில் உட்கார்வார்கள்" என்பதை ஓர் இலக்காகவே வையுங்கள்.

பதினொண்ணுக்குப் பொதுத் தேர்வு இல்லைன்னு ஆயிடுச்சு. அங்கே இலக்கே வேண்டாம்தானே?

2025-26இலிருந்து இல்லை. அதனால்தான் அங்கே இலக்கு முன்பைவிட அதிகம் வேண்டும். பொதுத் தேர்வு வருவதற்கு முன் இருந்த பழைய பழக்கம், பதினொன்றைத் தொட்டுவிட்டுப் பன்னிரண்டை ஜனவரியிலேயே தொடங்குவது, திரும்ப வர ஆசைப்படும். பன்னிரண்டின் எந்த இயலுக்குப் பதினொன்றின் எந்த இயல் அடித்தளம் என்று ஒரு பட்டியல் போட்டு, அவற்றை மட்டும் இலக்காக்குங்கள்.

நீண்ட நாள் வராத பிள்ளையை எண்ணிக்கையில சேர்க்கணுமா? சேர்த்தா என் சதவீதம் படுத்துடும்.

சேருங்கள், ஆனால் இரண்டு எண் எழுதுங்கள். 32 பேரில் ஐந்து பேர் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறார்கள், மிச்சம் 27இல் 24 பேர் எட்டிவிட்டார்கள் என்றால்: "வருபவரில் 24/27, பதிவேட்டில் 24/32." முதல் எண் உங்கள் கற்பித்தலைச் சொல்கிறது, இரண்டாவது பள்ளியின் நிலையைச் சொல்கிறது. இரண்டாவதை எழுதாமல் விட்டால் அந்த ஐந்து பேரும் திரும்பி வரும்போது யார் நினைவிலும் இருக்க மாட்டார்கள். திரும்பி வந்த அன்று அவர்களுக்கு முன்பு சொன்ன இரண்டு நிமிட வாசிப்பும் பத்துக் கணக்கும் மறுபடி. ஒதுக்கி வைத்த 36 பாடவேளை அவர்களுக்கும்தான்.

இதையெல்லாம் எங்க எழுதறது? பதிவேடு, எமிஸ் இணையப் பதிவு, பாடக்குறிப்புன்னு ஏற்கெனவே கை வலிக்குது.

ஒரு நோட்டு, வகுப்புக்கு இரண்டு பக்கம். இடது பக்கம் பெயர்ப் பட்டியலும் தப்பின் வகையும், வலது பக்கம் மூன்று இலக்கும் வெட்டுப் பட்டியலும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம் போதும்: இந்த வாரம் எட்டியவர் பெயரைச் சுற்றி ஒரு வட்டம். வேறு அறிக்கை, படம், கோப்பு எதுவும் இதற்காகச் செய்யாதீர்கள். வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ.) வந்து கேட்டால் இதையே காட்டலாம்.

நடுவுல இலக்கை மாத்தினா அது தோல்விதானே?

எதை மாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தேதியை மாற்றலாம், எண்ணிக்கையை மாற்றலாம், பருவத்துக்கு ஒரு முறை, காரணத்தை ஒரு வரி எழுதிவிட்டு. திறனை மாற்றாதீர்கள். கழித்தல் வரவில்லை என்று அதை விட்டு வாய்ப்பாட்டுக்குப் போனால் அடுத்த ஆண்டு ஆசிரியர் அதே 375இல் நிற்பார்.

மாற்றுவதற்கு முன் ஒன்று பாருங்கள். ஆகஸ்ட் நடுவில் பாதிக்கு மேல் பிள்ளைகள் நகரவே இல்லை என்றால் பிழை தேதியில் இல்லை, முறையில். படி பெரிதாக இருக்கலாம், குச்சியிலிருந்து நேரே எண்ணுக்குத் தாவியிருக்கலாம், அல்லது கரும்பலகையில் நீங்கள் போட்டுக் காட்டியது அதிகம், அவர்கள் போட்டது குறைவு. நான்கைந்து பேர் மட்டும் நகரவில்லை என்றால் முதலில் வருகையைப் பாருங்கள், பிறகு கண், காது. பின் வரிசையிலிருந்து பலகை தெரியாத பிள்ளை எல்லா ஆண்டும் ஒன்றாவது இருக்கும்.

ஜனவரி வந்தாச்சு. மூணுல ஒண்ணுகூட எட்டாதுன்னு தெரியுது. இப்ப என்ன செய்யறது?

இரண்டை விடுங்கள். மிச்சம் ஒன்றையும் சுருக்குங்கள். ஜனவரி முதல் மூன்றாம் பருவத் தேர்வு வரை, கணக்கெடுப்புப் பணி போக, உங்களுக்கு உண்மையில் எத்தனை பாடவேளை கிடைக்கும் என்று முன்பு கழித்த மாதிரி கழித்துப் பாருங்கள். ஐம்பது என்று வந்தால் பாடத்துக்கு முப்பது, இலக்குக்கு இருபது. எட்டுவதற்குக் கிட்டத்தில் இருக்கும் பிள்ளைகள் ஆறு பேர், மிகவும் கீழே இருப்பவர்கள் இரண்டு பேர், எட்டுப் பெயரை எழுதுங்கள். கிட்டத்தில் இருப்பவர்கள் பத்துப் பாடவேளையில் தாண்டிவிடுவார்கள். மீதிப் பத்து அந்த இருவருக்கு.

அந்த எட்டுப் பேரைத் தனி வரிசையாக உட்கார வைக்க வேண்டாம். மற்றவர்கள் பயிற்சி போடும் நேரத்தில் நீங்கள் அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். 503இலிருந்து 278, "50 பத்து" என்று சொல்லச் சொல்லி, விரல் வைத்து.